கிருஷ்ணகிரியில் நீர்ப்பறவை பார்க்க ஒரு நாள்: கடற்கரைக்கு முன் அணையோரச் சேறு

கேள்வி இதுதான். கிருஷ்ணகிரியில் குடியிருக்கும் ஒரு குடும்பம், பள்ளிக்கூடம் போகும் இரண்டு பிள்ளைகள். விவரம் தெரிந்த ஒரு வழிகாட்டியைக் கூட வைத்துக்கொண்டு ஒரு முழு நாள் நீர்ப்பறவை பார்க்க ஆசை. நேராகப் பழவேற்காட்டுக்கோ கோடியக்கரைக்கோ போய்விடலாமா, இல்லை நம்ம பக்கத்து அணை, ஏரிகளிலேயே பார்க்க ஏதாவது இருக்கிறதா? அந்த நாள் எப்படிப் போகும், எதையெல்லாம் எடுத்துப் போக வேண்டும்?

முதல் நாளை இங்கேயே வையுங்கள். கடற்கரைக்குக் கட்டாயம் போங்கள், ஆனால் இரண்டாவதாகப் போங்கள்.

காரணம் சொல்கிறேன். பழவேற்காட்டில் முதல் முறையாக நிற்பவருக்கு, அரைக் கிலோமீட்டருக்கு அப்பால் சேற்றில் ஏராளமான சாம்பல் நிறப் பறவைகள் நகர்வது தெரியும். அவ்வளவுதான் தெரியும். கூட்டத்தில் பூநாரையை மட்டும் அடையாளம் கண்டு, படம் எடுத்துக்கொண்டு திரும்பிவிடுவார்கள். பிள்ளைகளுக்கு அரை மணி நேரத்தில் சலித்துவிடும். சேற்றில் இரை தேடும் சிறு பறவைகளான அதே உள்ளான் வகைகள், அதே உப்புக்கொத்தி, நம் அணையோரச் சேற்றில் பத்தும் இருபதுமாக, பைனாகுலரில் கண் நிறம் தெரியும் தூரத்தில் மேய்கின்றன. ஒவ்வொன்றையும் தனித்தனியாக, நிதானமாகப் பார்க்கலாம். இங்கே பழகிய கண்ணோடு கடற்கரைக்குப் போனால் அந்தச் சாம்பல் கூட்டம் பிரிந்து தெரியும்.

இன்னொன்றும் இருக்கிறது. நம் தென்பெண்ணை கர்நாடகத்தில் நந்தி மலைப் பக்கம் பிறந்து, ஓசூருக்கு அருகே கெலவரப்பள்ளி, அப்புறம் கிருஷ்ணகிரி அணை, சாத்தனூர் என்று இறங்கி, கடலூர் அருகே வங்கக் கடலில் சேர்கிறது. கழிமுகச் சேற்றில் குளிர்காலம் கழிக்கும் பறவைகளின் உறவுக்காரர்கள் இதே ஆற்றின் மேல்பக்கம், கடலிலிருந்து இருநூறு கிலோமீட்டருக்கு உள்ளே, நம் ஊர் மாட்டுக்காரர் நடக்கும் கரையில் இரை தேடுகிறார்கள். கடற்கரைப் பறவை என்று நாம் நினைக்கும் பலவற்றுக்குக் கடல் அவசியமே இல்லை. ஆழம் குறைந்த தண்ணீரும் ஈரச் சேறும் இருந்தால் போதும்.

ஆகவே எந்த மாதம் என்பதைவிட, தண்ணீர் எந்த நிலையில் இருக்கிறது என்பதைத்தான் முதலில் பார்க்க வேண்டும். கிருஷ்ணகிரி அணையின் முழு உயரம் 52 அடி. அணை நிரம்பினால் விவசாயத்துக்கு நல்லது, நமக்கெல்லாம் சந்தோஷம். பறவை பார்க்க வருபவருக்கு மட்டும் அது கொஞ்சம் ஏமாற்றம் தரும். தண்ணீர் கல்லடுக்கையும் சீமைக்கருவேலம் புதரையும் தொட்டு நிற்கும்போது, குட்டைக்கால் பறவைகளுக்கு நிற்க இடம் கிடையாது. நீர்க்காகமும் கூழைக்கடாவும் நடுத்தண்ணீரில் தெரியும், கரையில் ஒன்றும் இருக்காது. பாசனத்துக்குத் திறந்துவிட்ட பிறகு மட்டம் கொஞ்சம் கொஞ்சமாக இறங்கும் பாருங்கள், அந்த வாரங்கள்தான் நமக்கு வேண்டியவை. தண்ணீர் விலகிய இடத்தில் தினமும் ஒரு முழம் புதுச் சேறு வெளியே வருகிறது. அதற்குள் புழு, பூச்சிகளின் இளம்பருவம், சிறு நத்தை எல்லாம் கைபடாமல் இருக்கும். அந்த ஈரக்கோட்டைத் தொடர்ந்தே பறவைகளும் இறங்கும். நாலு நாளில் வெடித்துக் காய்ந்துபோன பழைய சேற்றில் ஆட்காட்டியையும் வாலாட்டியையும் தவிர அதிகம் கிடைக்காது.

அணையின் நீர்மட்டம் உள்ளூர்ப் பத்திரிகைகளில் தொடர்ந்து வருகிறது. போக நினைக்கும் நாளுக்கு இரண்டு வாரம் முன்பிருந்தே அதைக் குறித்து வையுங்கள். சீராக இறங்கிக்கொண்டிருந்தால் கிளம்பலாம். திடீரென்று ஏறியிருந்தால் ஒரு வாரம் தள்ளிப் போடுங்கள். இந்த வேலையைப் பிள்ளைகளிடம் கொடுத்தால் ஆர்வமாகச் செய்வார்கள்.

மாதக் கணக்கு வேண்டுமென்றால், டிசம்பர் கடைசியிலிருந்து பிப்ரவரி முடிய. உள்ளான்களில் சில ஆகஸ்ட்டிலேயே வந்துவிடும். வாத்துகள் நவம்பருக்குப் பிறகுதான் கணிசமாகச் சேரும். மார்ச், ஏப்ரலில் ஒவ்வொன்றாக வடக்கே கிளம்பும். பொங்கல் விடுமுறை மிக வசதியான நேரம். அந்த நாட்களில் தமிழ்நாடு முழுக்கப் பறவை ஆர்வலர்கள் பொங்கல் பறவைகள் கணக்கெடுப்பு நடத்துகிறார்கள். ஒரு பதினைந்து நிமிடம் ஓரிடத்தில் நின்று பார்த்ததை எண்ணி, பறவைப் பட்டியல்களைச் சேர்க்கும் ஈபேர்டு (eBird) இணையதளத்தில் பதிந்தால் உங்கள் குடும்பமும் அதில் சேர்ந்த மாதிரிதான். கிருஷ்ணகிரி, தர்மபுரி என்ற நம் இரு மாவட்டங்களிலிருந்தும் போகும் பட்டியல்கள் கூடினால் நன்றாக இருக்கும் என்ற ஆசை எனக்கு நிறையவே உண்டு.

சரி, அந்த நாளுக்கு வருவோம்.

ஜனவரியில் சூரியன் ஆறே முக்கால் வாக்கில்தான் எழும். ஆறே காலுக்கு அணைக்கரையில் இருங்கள். கிருஷ்ணகிரி நகரத்திலிருந்து பத்து கிலோமீட்டர்தான், ஐந்தே முக்காலுக்குக் கிளம்பினால் போதும். முதல் அரை மணி நேரம் கீழே பார்க்க வேண்டாம், வானத்தைப் பாருங்கள். இரவு மரங்களில் அடைந்திருந்த கொக்கு, நீர்க்காகம், அரிவாள் மூக்கன் எல்லாம் வரிசை வரிசையாக வெளியேறும். நகத்தில் பூ போடச் சொல்லிக் கொக்கைக் கூப்பிட்ட வயது நம் எல்லோருக்கும் இருந்தது. பிள்ளைகள் கத்தினாலும் அந்த அரை மணி நேரம் விட்டுவிடுங்கள், மேலே போகிறவற்றுக்கு அது தொந்தரவே கிடையாது. கால் பின்னால் நீட்டி, கழுத்தை மடக்கிப் பறந்தால் கொக்கு அல்லது நாரைக் கொக்கு. கழுத்தை நேராக நீட்டிப் பறந்தால் அரிவாள் மூக்கனோ, கரண்டிவாயனோ, சங்குவளை நாரையோ. இந்த ஒன்றைக் கற்றுக்கொண்டாலே பாதி வானம் புரிந்துவிடும்.

வெளிச்சம் வந்ததும் சூரியனை முதுகுக்குப் பின்னால் வைத்து நிற்க ஓரிடம் தேட வேண்டும். அதாவது காலையில் கிழக்குக் கரை, மாலையில் மேற்குக் கரை. எதிர்வெயிலில் எல்லாப் பறவையும் கறுப்பாகத்தான் தெரியும். நல்ல வழிகாட்டி இதை முந்தின நாளே யோசித்து வைத்திருப்பார். அவர் வந்ததும் செய்யும் முதல் காரியத்தைக் கவனியுங்கள். பேசாமல் ஐந்து நிமிடம் கரையை இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடி வரை பைனாகுலரால் துழாவினால், சரியான ஆளைப் பிடித்திருக்கிறீர்கள்.

இப்போது அந்தச் சேற்றுக்கோடு. இங்கே கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் நீங்கள் ஒரு வழிகாட்டிக்குக் காசு கொடுப்பதே இதற்காகத்தான். கூழைக்கடாவையும் சங்குவளை நாரையையும் யாரும் காட்டாமலே பார்த்துக்கொள்ளலாம்.

முதலில் இரண்டு விதமான சாப்பாட்டு முறையைப் பிரித்துப் பாருங்கள். ஓடும், சட்டென்று நிற்கும், குனிந்து ஒரு கொத்து, மறுபடி ஓடும், இது உப்புக்கொத்தி. பெரிய கண், குட்டை அலகு. கண்ணால் பார்த்து இரை எடுக்கும். இன்னொன்று, தையல் எந்திரம் ஓடுவது போல் தலையைத் தூக்காமல் சேற்றில் குத்திக்கொண்டே போகும். இது உள்ளான் கூட்டம். பல வகை உள்ளான்களுக்கு அலகு நுனியில் தொடு உணர்வு மிக அதிகம், சேற்றுக்குள் புழு அசைவதை அலகாலேயே அறியும். அலகு நீளத்துக்கும் இரை இருக்கும் ஆழத்துக்கும் நேரடிச் சம்பந்தம் உண்டு. அதனால்தான் ஒரே முழச் சேற்றில் நாலைந்து வகை ஒன்றோடொன்று சண்டை போடாமல் மேய முடிகிறது. ஒன்று மேல்தோலில், ஒன்று அரை விரல் ஆழத்தில், ஒன்று முழங்கால் தண்ணீரில் என்று பிரித்துக்கொள்கின்றன.

நம் அணையோரத்தில் கிடைக்க வாய்ப்புள்ள உப்புக்கொத்தி, பட்டாணி உப்புக்கொத்தி. கண்ணைச் சுற்றி மஞ்சள் வளையம், மார்பில் முழுக் கறுப்புப் பட்டை. கண் வளையம் இல்லாமல், பட்டை நடுவில் அறுந்து இரண்டு பக்கமும் திட்டாக மட்டும் இருந்தால் அது கெண்டிஷ் உப்புக்கொத்தி. கடற்கரையில் இது நிறைய. இங்கே ஒன்றைச் சரியாகப் பார்த்துவிட்டால் அங்கே நூறைத் தெரிந்துகொள்ளலாம்.

உள்ளான்களில் மூன்றைப் பிரிக்கத் தெரிந்தால் போதும், அதற்கு மேல் முதல் நாளில் வேண்டாம். கரைக்கல்லில் தனியாக நின்று பின்பக்கத்தை ஓயாமல் ஆட்டிக்கொண்டிருப்பது சாதா உள்ளான். மார்பு ஓரத்தில், இறக்கை தொடங்கும் இடத்துக்கு முன்னால், வெள்ளை ஆப்பு ஒன்று மேலே ஏறியிருக்கும். கிளம்பினால் தண்ணீரை ஒட்டி, இறக்கையை விறைப்பாக வைத்து விட்டுவிட்டுப் பறக்கும். பொரி உள்ளான் சற்று நெட்டை, முதுகில் பொரி தூவியது போல் வெள்ளைப் புள்ளிகள், கண்ணுக்கு மேல் தெளிவான வெள்ளைப் புருவம், கால் மஞ்சள் கலந்த பச்சை. மூன்றாவது கருங்கீற்று உள்ளான். முதுகு கறுத்திருக்கும், பறக்கும்போது இறக்கையின் அடிப்பக்கமும் கறுப்பு, வால் மேல்பக்கம் பளிச்சென்று வெள்ளை. ஏரி மதகுக்குக் கீழே வாய்க்கால் ஓரம், ஆள் நடமாட்டம் இல்லாத மூலையில் தனியாக இருக்கும். ஆற்றங்கரையில் காலம் கழிக்கும் இந்தப் பறவை, வடக்கே தன் ஊருக்குப் போனால் மரத்தின் மேல், வேறு பறவை விட்டுப் போன பழைய கூட்டில் முட்டை வைக்கிறது. இதை நான் யாரிடம் சொன்னாலும் ஒரு நிமிடம் நம்பாமல் பார்ப்பார்கள்.

கூட்டத்தில் மிகச் சிறியது ஒன்று இருந்தால் அது கொசு உள்ளான். எடை இருபது, முப்பது கிராம்தான். ரஷ்யாவின் வடகோடியில், ஆர்க்டிக் கடலோரத் துந்திரா நிலத்தில் பொரித்து வளர்ந்து, நம் அணைக்கு வந்து நிற்கிறது. பெரியமுத்தூர்ப் பக்கம் எருமை குளித்துக் கலக்கிய தண்ணீரின் ஓரத்தில் அது ஓடுவதை ஸ்கோப்பில் (முக்காலியில் வைத்துப் பார்க்கும் தொலைநோக்கியில்) பார்க்கும்போது, பிள்ளைகளுக்கு உலக வரைபடம் ஒன்றைக் காட்டுங்கள். கைபேசியிலேயே போதும்.

நெடுங்கால் உள்ளானைப் பற்றிச் சொல்லத் தேவையில்லை. அவ்வளவு நீளமான இளஞ்சிவப்புக் கால் வேறு எதற்கும் இங்கே கிடையாது, நீங்களே கண்டுபிடித்துவிடுவீர்கள். பச்சைக்காலி இருந்தால் கூப்பிடும், "தியூ தியூ தியூ" என்று மூன்று முறை, கரையெல்லாம் கேட்கும்படி.

பின்புலத்தில் பெரியவை இருக்கும். சங்குவளை நாரை மூக்கைப் பாதி திறந்து தண்ணீரில் விட்டு, காலால் சேற்றைக் கலக்கிக்கொண்டே நடக்கும். மீன் அலகில் பட்டதும் மூடிக்கொள்ளும், பார்த்துப் பிடிப்பதில்லை. நத்தைகுத்தி நாரையின் அலகு நடுவில் இடைவெளி விட்டிருக்கும், ஆனால் குஞ்சுகளுக்கு அந்த இடைவெளி இருக்காது, வளர வளரத்தான் வரும். மேலே ஆற்று ஆலா ஒன்று வந்தால் எல்லாவற்றையும் விட்டுவிட்டு அதைப் பாருங்கள். மஞ்சள் அலகு, கறுப்புத் தொப்பி, பிளந்த நீள வால். நம் ஆறுகளுக்கும் அணைகளுக்குமே உரிய பறவை, உலக அளவில் எண்ணிக்கை குறைந்து வருகிறது. கோடையில் தண்ணீர் இறங்கி வெளியே தெரியும் திட்டுகளில், வெறும் மணலில் முட்டையிடும். நாய் ஏறினாலும் போச்சு, மாடு மிதித்தாலும் போச்சு, திடீரென்று தண்ணீர் ஏறினாலும் போச்சு. மார்ச்சுக்குப் பிறகு அணைக்குப் போனால் எந்தத் திட்டிலும் கால் வைக்காதீர்கள், பரிசல்காரர் கூட்டிப் போகிறேன் என்றாலும் வேண்டாம் என்று சொல்லிவிடுங்கள்.

பரிசல்காரர்கள் என்றதும் ஒன்று ஞாபகம் வருகிறது. அணையில் மீன் பிடிப்பவர்களிடம் பேசத் தெரிந்த வழிகாட்டி கிடைத்தால் விடாதீர்கள். "அண்ணா, கூழைக்கடா இப்ப எந்தப் பக்கம் இறங்குதுங்க?" என்று இவர் கேட்டால், "விடியக்காலம் அந்தத் திட்டுப் பக்கம் இருக்கும். வெயில் ஏறினா வட்டம் போட்டு மேல போயிடுமுங்க, அப்புறம் தேடாதீங்க" என்று பதில் வரும். இது அப்படியே உண்மை. நிலம் சூடேறிக் காற்று மேலெழும்பும் வரை கூழைக்கடா உட்கார்ந்திருக்கும், ஒன்பது, பத்து மணி வாக்கில் அந்தக் காற்றில் ஏறிச் சுற்றும். தண்ணீரிலேயே பிழைப்பு நடத்துகிறவருக்கு எந்தப் பறவை எந்த மூலையில் என்பது தெரியும். பெயர் மட்டும் வேறாக இருக்கும்.

பத்தரை மணிக்கு மேல் நிறுத்திவிடுங்கள். சேற்றுக்கு மேல் கானல் ஆடத் தொடங்கினால் எவ்வளவு விலை கொடுத்து வாங்கிய ஸ்கோப்பும் உதவாது, பறவைகளும் அடங்கிவிடும். அணைப் பக்கத்துக் கடைகளில் சுடச்சுட மீன் வறுவல் கிடைக்கும், சாப்பிட்டுவிட்டு வீட்டுக்குப் போய் மூன்று மணி வரை தூங்கலாம். உள்ளூரில் பறவை பார்ப்பதன் பெரிய லாபமே இதுதான். பழவேற்காட்டில் நடுமதியத்தை வண்டிக்குள் கழிக்க வேண்டியிருக்கும்.

மாலைக்கு நான் பாரூர் ஏரியைச் சொல்வேன். போச்சம்பள்ளிப் பக்கம், கிருஷ்ணகிரியிலிருந்து ஒரு மணி நேரப் பயணம். நெடுங்கல் அணைக்கட்டிலிருந்து தென்பெண்ணைத் தண்ணீரே கால்வாயில் வந்து இந்த ஏரியை நிரப்புகிறது. காலையில் பார்த்தது திறந்த சேறு என்றால், ஏரியில் பார்க்க வேண்டியது கோரையும் நீர்ச்செடியும். பறவைக் கூட்டமே மாறிவிடும். நாமக்கோழி, தாழைக்கோழி, முக்குளிப்பான், கரையோர நாணலில் நீலத் தாழைக்கோழி. அல்லி, தாமரை இலை பரந்த இடமாக இருந்தால் நீளவால் இலைக்கோழியைத் தேடுங்கள். விரல்கள் மிக நீளம், உடல் எடை இலைகளின் மேல் பரவிவிடுவதால் மூழ்காமல் நடக்கும். முட்டையை அடைகாப்பதும் குஞ்சை வளர்ப்பதும் ஆண்தான். குளிர்காலத்தில் அந்த நீள வால் உதிர்ந்திருக்கும், வெள்ளை இறக்கையையும் கழுத்தோரக் கறுப்புக் கோட்டையும் வைத்துக் கண்டுபிடிக்க வேண்டும். வாத்து இருந்தால் புள்ளிமூக்கு வாத்து, சீழ்க்கைச் சிரவி, வலசை வந்த நீலச்சிறகி, ஊசிவால் வாத்து. ஐந்தரை மணிக்கு மேல் அடையத் திரும்பும் கூட்டங்கள் வரத் தொடங்கும். இருட்டும் நேரத்தில் "குவாக்" என்று ஒற்றைக் குரல் கொடுத்துக்கொண்டு வக்கா எதிர்த்திசையில் வேலைக்குக் கிளம்பும்.

தர்மபுரிக்காரர்கள் அவ்வளவு தூரம் வர வேண்டாம். நகரத்தை ஒட்டியே ராமாக்கல் ஏரி இருக்கிறது. பாலக்கோடு தாண்டிப் பஞ்சப்பள்ளி சின்னாறு அணை, பாப்பிரெட்டிப்பட்டிப் பக்கம் வாணியாறு அணை என்று இடங்கள் உண்டு. மட்டம் பார்த்துப் போகும் கணக்கு எல்லாவற்றுக்கும் ஒன்றுதான்.

ஓசூர்ப் பக்கம் போகிறவர்களுக்கு மட்டும் ஒரு எச்சரிக்கை. ஓசூர், தேன்கனிக்கோட்டை, தளி, ஜவளகிரி வட்டாரத்தில் ராகி அறுவடைக் காலத்தில் யானைக் கூட்டங்கள் காட்டைவிட்டு இறங்கி, பகலில் ஏரிக்கரைப் புதர்களில்கூட நிற்கும். நமக்குப் பறவை சீசன் என்பதே அவற்றின் வரவுக் காலமும்தான். விடியற்காலை இருட்டில் ஏரிக்கரையில் நடக்கும் முன் அந்த ஊர்க்காரர்களிடமோ வனத்துறை ஆட்களிடமோ ஒரு வார்த்தை கேளுங்கள். யானை இருக்கிறது என்றால் அன்றைக்குத் திரும்பிவிடுங்கள். காவிரி வடக்கு, காவிரி தெற்கு வன உயிரினச் சரணாலயங்களுக்குள் அனுமதி இல்லாமல் நுழையவே கூடாது. கெலவரப்பள்ளியில் வேறு விதமான வருத்தம். மேலிருந்து ஆற்றில் கலந்து வரும் கழிவால் சில நாட்களில் மதகுக்குக் கீழே நுரை ஆளுயரத்துக்கு நிற்கும். பறவைகள் அங்கேயும் இருக்கின்றன, அந்தத் தண்ணீரையே நம்பி இருக்கின்றன. பிள்ளைகளை அந்தத் தண்ணீரில் கை வைக்க விடாதீர்கள். ஏன் இப்படி இருக்கிறது என்று அவர்கள் கேட்டால் மழுப்பாமல் சொல்லுங்கள்.

வழிகாட்டியைத் தேர்ந்தெடுப்பது பற்றி எனக்குக் கொஞ்சம் பிடிவாதமான கருத்து உண்டு. "ஒரே நாளில் நூறு இனம் காட்டுகிறேன்" என்பவர் வேண்டாம். அவர் உங்களை வண்டியில் வைத்து ஆறு இடம் ஓட்டுவார், எதுவும் மனதில் நிற்காது. ஓரிடத்தில் ஒரு மணி நேரம் உட்கார வைப்பவர் வேண்டும். பேசும்போது இவற்றைக் கேளுங்கள்: சொந்தமாக ஸ்பாட்டிங் ஸ்கோப்பும் முக்காலியும் கொண்டு வருவாரா, பறவைகளின் தமிழ்ப் பெயர் சொல்வாரா, பிள்ளைகளோடு போய்ப் பழக்கம் உண்டா, போன வாரம் அந்த அணையில் தண்ணீர் எங்கே நின்றது. கடைசிக் கேள்விக்கு உடனே பதில் வந்தால் மற்றவற்றை அவ்வளவாகப் பார்க்க வேண்டாம். ஸ்கோப் இல்லாமல் உள்ளான்களைப் பார்ப்பது கஷ்டம், அதனால் அதில் மட்டும் விட்டுக்கொடுக்காதீர்கள். கூலியை நேரத்துக்குப் பேசுங்கள், வண்டி வாடகை தனியா சேர்த்தா என்று முன்பே தெளிவாக்கிக்கொள்ளுங்கள். படம் கிடைக்க வேண்டும் என்பதற்காகக் கூட்டத்தைக் கிளப்பிவிடுகிறவராக இருந்தால் அங்கேயே சொல்லி நிறுத்துங்கள். மேய்ந்துகொண்டிருக்கும் பறவை தலையைத் தூக்கி அசையாமல் பார்த்தாலோ, கூட்டம் ஒரே பக்கமாக நடந்து விலகினாலோ, நாம் ஏற்கனவே ரொம்பக் கிட்டே போய்விட்டோம். ஆயிரக்கணக்கான கிலோமீட்டர் திரும்பிப் பறக்க அவை உடம்பில் கொழுப்புச் சேர்க்கும் நேரம் இது. ஒவ்வொரு முறை கிளப்பும்போதும் அந்தச் சேமிப்பில் கை வைக்கிறோம்.

கொண்டு போக வேண்டியவை அதிகம் இல்லை. பைனாகுலர் வாங்குவதாக இருந்தால் 8×42 வாங்குங்கள். எட்டு மடங்கு பெரிதாகக் காட்டும், முன்கண்ணாடி 42 மில்லிமீட்டர் என்பதால் மங்கிய வெளிச்சத்திலும் தெளிவாக இருக்கும். பத்து மடங்கு, பன்னிரண்டு மடங்கு என்று ஆசைப்பட்டால் கை நடுக்கமும் அத்தனை மடங்கு தெரியும், பிள்ளைகளால் பிடிக்கவே முடியாது. இரண்டு பேருக்கு ஒன்று இருந்தால் போதும். மண் நிறம், இலை நிறம் என்று மங்கலான துணி, தொப்பி, ஆளுக்கு ஒரு தண்ணீர் பாட்டில், மடக்கு நாற்காலி அல்லது ஒரு பழைய பாய். ஜனவரிக் காலையில் ஸ்வெட்டர் தேவைப்படும். காலுக்குப் பழைய ஷூ. மேலே காய்ந்து வெடித்திருந்தாலும் அணைச் சேறு உள்ளே களியாக இருக்கும், இடுப்பு வரை இழுத்துவிடும். கரையைவிட்டு ஈரக்கோட்டை நோக்கி ஒரு அடிகூட வைக்கக் கூடாது என்று கிளம்பும் முன்பே பிள்ளைகளிடம் சொல்லிவிடுங்கள். அணையின் மேல் நடக்கவும் படம் எடுக்கவும் கட்டுப்பாடு இருக்கலாம், அங்கே இருக்கும் ஊழியரிடம் கேட்டுக்கொள்ளுங்கள். டிரோன் வேண்டவே வேண்டாம்.

இப்போது கடற்கரை. முதல் நாள் முடிந்து இரண்டு மூன்று வாரத்துக்குள் போனால் கண் பழக்கம் மறக்காது. நான் உங்களைப் பழவேற்காட்டுக்கு அனுப்ப மாட்டேன், கழுவேலிக்குப் போங்கள். ஊத்தங்கரை, செங்கம், திருவண்ணாமலை, செஞ்சி, திண்டிவனம் என்று ஒரே நெடுஞ்சாலையில் போய், அங்கிருந்து மரக்காணம். பழவேற்காட்டைப் போலவே இதுவும் ஒரு பெரிய உவர்நீர்ப் பரப்பு. 2021-ல் பறவைகள் சரணாலயமாக அறிவிக்கப்பட்டது, 2024-ல் உலக முக்கியத்துவம் வாய்ந்த ஈரநிலங்களின் ராம்சர் பட்டியலிலும் சேர்ந்தது. மழைக்காலத்தில் ஏரித் தண்ணீர் வந்து விழுவதால் நன்னீராகவும், வற்ற வற்றக் கடல் கலந்து உப்பாகவும் மாறும். அதனால் ஒரே இடத்தில் வாத்தும் கடலோரப் பறவையும் கிடைக்கும்.

அங்கே உங்களுக்குப் புதிதாக இருப்பவை: அலகு கீழே வளைந்த வளைமூக்கு உள்ளான், சிவந்த காலும் பறக்கும்போது இறக்கையின் பின்விளிம்பில் வெள்ளையும் உள்ள பவளக்காலி, நீண்ட நேர் அலகோடு கருவால் மூக்கன், கோட்டான் (ஆந்தை இல்லை, நீளமாக வளைந்த அலகுள்ள பெரிய கரைப்பறவை), பழுப்புத்தலைக் கடற்காகம், பெரிய ஆலா வகைகள். பூநாரையும் இருக்கலாம். மற்றதெல்லாம் அணையில் பார்த்த முகங்கள், எண்ணிக்கைதான் கூடியிருக்கும். மரக்காணம் உப்பளங்களையும் விடாதீர்கள். பாத்தி வரப்பில் நெடுங்கால் உள்ளானும் பவளக்காலியும் சாலையிலிருந்தே கிட்டத்தில் தெரியும்.

கடலோரத்தில் ஓதம் (கடல் மட்டத்தின் தினசரி ஏற்ற இறக்கம்) பார்த்துப் போக வேண்டும் என்று படித்திருப்பீர்கள். நம் கிழக்குக் கரையில் ஏற்ற இறக்கம் பெரும்பாலும் ஒரு மீட்டருக்குள்தான், அதிலும் இப்படி உள்ளே நீண்ட கழிகளில் மழையும் காற்றும்தான் தண்ணீரை அதிகம் நகர்த்துகின்றன. ஆகவே ஓத அட்டவணையைப் பற்றிக் கவலைப்படாமல், எங்கே ஆழம் குறைந்திருக்கிறது என்று கேட்டுப் போங்கள். முந்தின இரவே திண்டிவனத்திலோ புதுச்சேரியிலோ தங்கிவிடுவது நல்லது. கிருஷ்ணகிரியிலிருந்து நள்ளிரவில் கிளம்பி விடியும்போது போய்ச் சேர்ந்தால் எல்லோரும் தூக்கத்தில் இருப்பார்கள். பத்து மணிக்கு மேல் கடற்காற்று எழும்பினால் ஸ்கோப் ஆடும், முக்காலியைத் தாழ்த்தி வைத்து உட்கார்ந்தே பாருங்கள்.

அந்தப் பயணத்துக்கு நம்ம ஊர் வழிகாட்டியையே கூட்டிப் போகலாமா என்று யோசிப்பீர்கள். வேண்டாம், அந்த ஊர்க்காரர் ஒருவரையே பிடியுங்கள். கழியின் எந்த மூலையில் அந்த வாரம் சேறு வெளியே தெரிகிறது, எந்தக் கரைப்பாதையில் வண்டி மாட்டிக்கொள்ளும் என்பதெல்லாம் அவருக்குத்தான் தெரியும்.